தலைப்பாகை, தோட்டா, பருப்பு: சிப்பாய்கள் எதற்காக எழுந்தார்கள்?

1806 மே மாதம் வேலூர்க் கோட்டையில் காவலுக்கு இருந்த 4ஆவது ரெஜிமென்ட்டின் இரண்டாம் பட்டாளத்துச் சிப்பாய்கள், புதிதாக வந்த தலைப்பாகையைத் தலையில் வைக்க மாட்டோம் என்றார்கள். அவர்களில் 21 பேரைப் பிடித்துச் சென்னைக்குக் கொண்டுபோய் விசாரித்தார்கள். பத்துப் பேர் முஸ்லிம்கள், பதினொரு பேர் இந்துக்கள். இரண்டு பேருக்கு ஆளுக்கு 900 கசையடி கொடுத்துப் படையிலிருந்து விரட்டினார்கள். மற்ற 19 பேருக்கு ஆளுக்கு 500 கசையடி என்று தீர்ப்பாகி, அவர்கள் வருத்தம் தெரிவித்த பிறகு விடப்பட்டார்கள்.

இந்தத் தண்டனையின் அளவை நின்று பார்க்க வேண்டும். இதே தலைப்பாகையைக் காட்டித்தான், இரண்டு மாதம் கழித்து வேலூரில் நடந்தது மூடநம்பிக்கையால் மூண்ட கலவரம் என்று கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகள் பின்னால் எழுதினார்கள். கொஞ்சம் துணியும் கொஞ்சம் தோலும் அற்ப விஷயம் என்றால், அதற்காக ஒரு மனிதனின் முதுகில் 900 அடி எதற்கு? அடித்தவர்களுக்கு அது அற்பமாக இருக்கவில்லை. அந்தத் தலை யாருக்குச் சொந்தம் என்பதுதான் கேள்வி என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. சிப்பாய்க்கும் தெரிந்திருந்தது.

கம்பெனி வங்காளத்தில் படை திரட்டத் தொடங்கிய காலத்திலிருந்து 1946இல் பம்பாய்த் துறைமுகத்துப் போர்க்கப்பல்களில் கறுப்புக்கொடி ஏறிய நாள்வரை, இந்தியச் சிப்பாய்கள் பலமுறை ஆயுதத்தைத் திருப்பிப் பிடித்திருக்கிறார்கள். அல்லது அதைத் தூக்க மறுத்திருக்கிறார்கள். இவற்றுக்கு இரண்டு விதமாகக் காரணம் சொல்லி வந்திருக்கிறோம். ஆண்டவர்கள் எழுதிய வரலாறு சின்னச் சின்னக் காரணங்களைச் சொன்னது: தொப்பி, கொழுப்பு, சோறு. விடுதலை இயக்கத்தின் வரலாறு ஒரே பெரிய காரணத்தைச் சொன்னது: நாட்டு விடுதலை. முதலாவது சிப்பாயைக் குழந்தையாக்கியது. இரண்டாவது அவனைக் கொடி பிடித்த சிலையாக்கியது. இரண்டிலும் அவன் வாயிலிருந்து வந்த குறை காதில் விழவில்லை. அந்தக் குறைகளைச் சிறியவை என்று தள்ளாமல், அவன் சொன்ன வரிசையிலேயே கேட்டுப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரையின் வேலை.

வேலூர்: ஒரு தலையின் மேல் நடந்த போர்

1805 இறுதியில் தொடங்கி 1806 தொடக்கம்வரை சென்னைப் படைக்கு வந்த உத்தரவுகளைச் சேர்த்துப் படித்தால் ஒரு மனிதனைத் தலையிலிருந்து கழுத்துவரை மாற்றி அமைக்கும் திட்டம் தெரியும். சீருடையில் இருக்கும்போது நெற்றியில் விபூதியோ நாமமோ கூடாது. காதில் கடுக்கன் கூடாது. முகவாயைச் சுத்தமாக மழிக்க வேண்டும். மீசை எல்லாருக்கும் ஒரே அளவில் இருக்க வேண்டும். தலையில் தொப்பியைப் போலத் தோன்றும் புதுவகைத் தலைப்பாகை, அதில் தோலால் செய்த சின்னம். மார்பில் துப்பாக்கித் திருகாணி முடுக்கும் கருவி; பார்வைக்கு அது சிலுவையைப் போல இருந்தது. கவர்னர் வில்லியம் பெண்டிங், தலைமைத் தளபதி ஜான் கிரடாக் இருவர் காலத்தில் வந்த உத்தரவுகள் இவை.

அந்தக் காலத்துத் தமிழில் ஐரோப்பியனுக்கு இருந்த பெயரே தொப்பிக்காரன். அந்தப் பெயர் வழங்கும் ஊரில் ஒருவன் தலையில் தொப்பியை வைத்தால், கடைத்தெருவில் அவனை என்னவென்று கூப்பிடுவார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. அடுத்தது உங்களைக் கிறிஸ்தவர்களாக்கப் போகிறார்கள் என்று கடைத்தெரு பேசியது. சென்னைப் படைச் சிப்பாய் குடும்பத்தோடு வாழ்ந்தவன். அவன் பிள்ளைக்குப் பெண் கொடுக்கவும், அவன் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்கவும் உறவு வேண்டும். பட்டாளத்தில் அவன் சம்பாதித்த மரியாதை ஊருக்குள் செல்லுபடியாக வேண்டும். தலைப்பாகை அந்த மரியாதையைத்தான் தொட்டது. இதை மதம் என்ற ஒரு சொல்லுக்குள் அடைத்துவிட முடியாது. விபூதி பூசியவனும் தாடி வைத்தவனும் ஒரே நாளில், ஒரே உத்தரவால் அவமானப்பட்டார்கள். இரு பிரிவினரையும் ஒன்றாகக் கட்டியது அந்த உத்தரவுதான்.

ஜூன் மாதத்திலேயே எச்சரிக்கை வந்தது. முதல் ரெஜிமென்ட்டைச் சேர்ந்த முஸ்தபா பேக் என்ற சிப்பாய், சதி நடக்கிறது என்று கர்னல் ஃபோர்ப்ஸிடம் போய்ச் சொன்னார். விசாரிக்கும் பொறுப்பு இந்திய அதிகாரிகளிடமே போனது. அவர்களில் சிலர் சதியில் இருந்தவர்கள். இவன் பைத்தியக்காரன் என்று சொல்லி முஸ்தபா பேக்கையே விலங்கிட்டுவிட்டார்கள். பட்டாளத்துக்குள் வெள்ளை அதிகாரியின் கண் எவ்வளவு தூரம் எட்டும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை. எல்லாம் முடிந்த பிறகு அவருக்கு 2,000 வராகனும் சுபேதாருக்கு உரிய ஓய்வூதியமும் கிடைத்தன.

1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபின் திப்பு சுல்தானின் குடும்பத்தை வேலூர்க் கோட்டை அரண்மனையில்தான் வைத்திருந்தார்கள். 1806 ஜூலை 9 அன்று திப்புவின் மகள் ஒருவருக்குத் திருமணம். மறுநாள் காலையில் அணிவகுப்பு இருந்ததால், வழக்கமாகக் கோட்டைக்கு வெளியே பேட்டைக் குடிசைகளில் தங்கும் சிப்பாய்கள் பலர் அன்றிரவு உள்ளேயே படுத்திருந்தார்கள். ஜூலை 10 விடிவதற்கு முன் துப்பாக்கி வெடித்தது. ஆங்கிலேயரின் 69ஆவது ரெஜிமென்ட்டைச் சேர்ந்த நான்கு கம்பெனிகள் தூங்கிக்கொண்டிருந்த கொட்டடி சூழப்பட்டது. கோட்டைத் தளபதி கர்னல் ஃபேன்கோர்ட் சுடப்பட்டு இறந்தார். நூற்றுக்கும் மேற்பட்ட ஐரோப்பியர் மடிந்தார்கள். மைசூரின் புலிக்கொடி கொடிமரத்தில் ஏறியது.

அதன்பின் நடந்தவைதான் என்னை எப்போதும் உறுத்துபவை. கோட்டை கையில் வந்துவிட்டது. அடுத்து என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. திப்புவின் மூத்த மகன் ஃபதே ஹைதரைத் தலைமை ஏற்கச் சொல்லி அழைத்தார்கள். அவர் வெளியே வந்து படையை நடத்தவில்லை. சிப்பாய்களில் பலர் கருவூலப் பணத்தின் பக்கம் சிதறினார்கள். வாயிலின் மேலிருந்த கொத்தளத்தில் உயிர் தப்பிய சில ஐரோப்பியர் ஒதுங்கி நின்றதை யாரும் கவனிக்கவில்லை. கோட்டைக்கு வெளியே தங்கியிருந்த ஓர் அதிகாரி ஆர்க்காட்டுக்குக் குதிரையை விரட்டினார். 16 மைல் தொலைவு. அங்கிருந்து கர்னல் ரோலோ கில்லெஸ்பி குதிரைப்படையோடு புறப்பட்டு, காலை வெயில் ஏறுமுன் வந்து சேர்ந்தார். கொத்தளத்தில் இருந்தவர்கள் அவரைக் கயிற்றால் மேலே இழுத்துக்கொண்டார்கள். குதிரைகள் இழுத்துவந்த பீரங்கிகள் வாயிலை உடைத்தன.

அன்று செத்த சிப்பாய்களின் எண்ணிக்கை ஆவணத்துக்கு ஆவணம் மாறுகிறது. சில கணக்குகள் 350 என்கின்றன, சில 800ஐத் தொடுகின்றன. அரண்மனைக்குள் தஞ்சம் புகுந்திருந்த சுமார் நூறு பேரை வெளியே இழுத்து வந்து சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். விசாரணை என்று ஒன்று நடந்த பிறகு ஆறு பேர் பீரங்கி வாயில் கட்டிச் சிதறடிக்கப்பட்டார்கள். ஐந்து பேர் சுடப்பட்டார்கள். எட்டுப் பேர் தூக்கிலிடப்பட்டார்கள். ஐந்து பேர் நாடு கடத்தப்பட்டார்கள். கிளர்ந்த பட்டாளங்கள் கலைக்கப்பட்டன. திப்புவின் பிள்ளைகள் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டார்கள். பெண்டிங்கும் கிரடாக்கும் 1807இல் திருப்பி அழைக்கப்பட்டார்கள். தலைப்பாகை உத்தரவும் திரும்பப் பெறப்பட்டது. சிப்பாய்கள் தோற்றார்கள்; ஆனால் அவர்கள் கேட்டது கிடைத்தது. இந்தக் கடைசி விஷயத்தைப் பாடநூல்கள் போதிய அழுத்தத்தோடு சொல்வதில்லை.

காரணம் என்ன என்ற சண்டை அப்போதே தொடங்கிவிட்டது. ராணுவத் தரப்பு, திப்பு குடும்பத்தின் சதி என்றது. சதி என்றால் உத்தரவு போட்டவர்கள் மேல் பழி விழாது. விசாரணைக் குழு உடை உத்தரவையும் அந்தக் குடும்பம் அங்கே இருந்ததையும் சேர்த்தே சொன்னது. பிற்காலத்தில் பேராசிரியர் கே. ராஜய்யன் போன்றவர்கள் இன்னும் பின்னால் போய்ப் பார்த்தார்கள். 1799 அக்டோபர் 16இல் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். 1801 அக்டோபர் 24இல் திருப்பத்தூரில் மருது சகோதரர்கள். பாளையங்கள் கலைக்கப்பட்டன, வாளும் வேலும் பறிக்கப்பட்டன. தலைமுறை தலைமுறையாகப் போர்த்தொழில் செய்தவர்களில் பலருக்குப் பிழைப்பு என்று மிஞ்சியது கம்பெனிப் பட்டாளம்தான். வேலூரில் எழுந்த 23ஆவது ரெஜிமென்ட்டின் இரண்டாம் பட்டாளத்தில் தெற்குச் சீமையின் ஆட்கள் இருந்தார்கள். நேற்றுவரை தன் பாளையக்காரருக்காக நின்றவன் இன்று அவரைத் தூக்கிலிட்டவனிடம் கைநீட்டிச் சம்பளம் வாங்குகிறான். அந்தச் சம்பளத்துக்கு உன் மீசையையும் கொடு என்கிறான் அவன். வேலூரை நான் இந்த இடத்தில் வைத்துத்தான் புரிந்துகொள்கிறேன். தலைப்பாகை இல்லாமல் அந்தக் கோபம் வெடித்திருக்காது. அந்தப் பழைய தோல்வி இல்லாமல் தலைப்பாகைக்கு அவ்வளவு கனம் வந்திருக்காது.

எருதுக்காகப் பீரங்கி

வேலூர் முதல் நிகழ்ச்சி அல்ல. 1764இல் வங்காளத்தில், வெற்றிப் பணத்தில் வெள்ளைச் சிப்பாய்க்குக் கிடைத்த பங்கு தங்களுக்குக் கிடைக்கவில்லை என்று சிப்பாய்கள் முரண்டியபோது, மேஜர் ஹெக்டர் மன்றோ இருபதுக்கும் மேற்பட்டவர்களைப் பீரங்கி வாயில் கட்டிச் சிதறடித்தார். பக்சார் போருக்குச் சற்று முன்னால் நடந்தது இது. 1780இல் ஹைதர் அலியோடு போரிடச் சென்னைக்குக் கப்பல் ஏறச் சொன்னபோது விசாகப்பட்டினத்துச் சிப்பாய்கள் மறுத்து எழுந்தார்கள். சம்பளம், படி, கடல் என்ற மூன்றும் தொடக்கத்திலிருந்தே இருக்கின்றன.

1824இல் கல்கத்தாவுக்கு அருகே பாரக்பூரில் நடந்ததைப் பலர் கேள்விப்பட்டதே இல்லை. முதல் பர்மாப் போர் நடந்துகொண்டிருந்தது. 47ஆவது வங்காளப் பட்டாளத்தைச் சிட்டகாங்கை நோக்கி நடக்கச் சொன்னார்கள். அந்தப் படையில் ஒவ்வொரு சிப்பாயும் தன் சாதி வழக்கப்படி சொந்தப் பாத்திரத்தில் சமைத்தான். பாத்திரத்தையும் படுக்கையையும் சுமக்க எருதுகளை அவனே தன் காசில் ஏற்பாடு செய்ய வேண்டும். போருக்காகக் கம்பெனியே சந்தையிலிருந்த மாடுகளை வாங்கித் தீர்த்துவிட்டது. கிடைத்தவற்றின் விலை சம்பளத்துக்கு எட்டவில்லை. மாடு கொடுங்கள், அல்லது இரட்டைப் படி கொடுங்கள் என்றார்கள். கூடவே, நடக்க வைப்பதாகச் சொல்லிக் கடைசியில் கப்பலில் ஏற்றிவிடுவார்கள் என்ற பயமும் இருந்தது.

நவம்பர் 2 காலை, தலைமைத் தளபதி எட்வர்ட் பேஜட் வெள்ளைப் படைகளையும் பீரங்கிகளையும் வரவழைத்து அவர்களைச் சூழ்ந்து நின்றார். ஆயுதத்தைக் கீழே போடச் சொன்ன உத்தரவுக்குச் சிப்பாய்கள் பணியவில்லை. பீரங்கிகள் முழங்கின. ஓடியவர்களில் பலர் ஹூக்ளி ஆற்றில் விழுந்து மூழ்கினார்கள். பிறகு அவர்கள் போட்டுவிட்டு ஓடிய துப்பாக்கிகளை எடுத்துப் பார்த்தால், அநேகமாக எதிலும் குண்டு இல்லை. சண்டை போடும் எண்ணமே இல்லாமல் நின்றவர்கள் அவர்கள். முன்னின்று பேசிய பிந்தா திவாரியைத் தூக்கிலிட்டு, உடலைச் சங்கிலியில் தொங்கவிட்டார்கள். 47 என்ற எண்ணையே படைப் பட்டியலிலிருந்து நீக்கினார்கள்.

இதில் மதமும் இருக்கிறது, காசும் இருக்கிறது. இரண்டையும் பிரிக்க முடியாது. சொந்தப் பாத்திரம் சாதி ஆசாரம்; அதைச் சுமக்கும் மாடு பொருளாதாரம். சிப்பாயின் மனத்தில் இரண்டும் ஒரே மூட்டை.

1857: தோட்டாவுக்கு முன்னால் இருந்தவை

1857ஐப் பற்றித் தமிழில் எழுதப்பட்டது ஏராளம். ஆகவே ஒரு விஷயத்தை மட்டும் சொல்லிக் கடக்கிறேன். பசு, பன்றிக் கொழுப்புத் தடவிய என்ஃபீல்டு தோட்டாவின் கதை எல்லாருக்கும் தெரியும். ஏப்ரல் 24 அன்று மீரட்டில் 3ஆவது குதிரைப்படையின் 90 பேர் முன்னால் வைக்கப்பட்ட தோட்டாக்கள் அந்தப் புதுத் தோட்டாக்கள் அல்ல. அவர்கள் வழக்கமாகப் பயன்படுத்திய பழைய வகையே. ஆனாலும் 85 பேர் தொடவில்லை. தொட்டால் ஊரும் மற்றப் பட்டாளங்களும் என்ன சொல்லும் என்பது அவர்களுக்கு முக்கியமாக இருந்தது. பெரும்பாலானவர்களுக்குப் பத்தாண்டுக் கடுங்காவல். மே 9 அன்று படை முழுவதும் பார்க்க, அவர்களின் சீருடையைக் கழற்றிக் காலில் விலங்கு பூட்டினார்கள். ஒரு மணி நேரத்துக்கும் மேலாக விலங்கை அடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. மறுநாள் மாலை மீரட் எரிந்தது. 11ஆம் தேதி குதிரைகள் டெல்லியில் இருந்தன.

தோட்டாவுக்கு முன்னால் வங்காளப் படைச் சிப்பாயிடமிருந்து ஒவ்வொன்றாகப் பறித்திருந்தார்கள். மாதம் ஏழு ரூபாய்ச் சம்பளம் பல காலமாக ஏறவில்லை. சிந்துவும் பஞ்சாபும் அயல்நாடாக இருந்தவரை அங்கே போனால் கூடுதல் படி உண்டு. அவற்றைக் கம்பெனி தன் நாடாக்கிக்கொண்டதும் படி நின்றது. அதாவது சிப்பாய் வென்று கொடுத்த நிலமே அவன் வருமானத்தைக் குறைத்தது. 1856இல் வந்த சட்டத்தின்படி இனிச் சேருகிறவர்கள் கடல் கடக்கவும் சம்மதிக்க வேண்டும். அதே ஆண்டு அவத் நாட்டைக் கம்பெனி எடுத்துக்கொண்டது. வங்காளப் படையின் சிப்பாய்களில் மிகப் பெரும் பகுதியினரின் சொந்த ஊர் அதுதான். அவர்களைச் சீருடை அணிந்த குடியானவர்கள் என்று ஆய்வாளர்கள் சொல்வது இதனால்தான். கிராமத்தில் தம்பிக்கு நடந்தது பட்டாளத்தில் அண்ணனுக்குக் கடிதமாக வந்தது.

மூடநம்பிக்கை மட்டுமே காரணம் என்ற வாதத்தை லண்டனிலேயே எல்லாரும் ஏற்கவில்லை. 1857 ஜூலையில் எதிர்க்கட்சித் தலைவர் டிஸ்ரேலி பாராளுமன்றத்தில், சாம்ராஜ்யங்கள் கொழுப்புத் தடவிய தோட்டாவால் ஆட்டம் காண்பதில்லை என்ற பொருளில் பேசினார். இன்னொரு பக்கம் 1909இல் சாவர்க்கர் இதை விடுதலைப் போர் என்று நூலாக எழுதினார். நூற்றாண்டு விழா ஆண்டான 1957இல் ஆர். சி. மஜும்தார் அந்தப் பெயரை மறுத்தார். அதே ஆண்டில் எஸ். என். சென் எழுதிய நூல் இடையில் நின்றது. பெயர் பற்றிய இந்த வழக்கைவிட டெல்லியில் சிப்பாய்கள் செய்த ஓர் ஏற்பாடு எனக்கு அதிகம் சொல்கிறது. எண்பதைக் கடந்த பகதூர் ஷாவை அரசர் என்று அறிவித்தார்கள். ஆனால் நிர்வாகத்தைப் பத்துப் பேர் கொண்ட மன்றத்திடம் வைத்தார்கள். அதில் ஆறு பேர் படையினர்: காலாட்படை, குதிரைப்படை, பீரங்கிப்படை ஒவ்வொன்றுக்கும் இரண்டு பேர். முடிவுகள் பெரும்பான்மைப்படி. வேலூரில் கொடியேற்றிவிட்டு அடுத்தது தெரியாமல் நின்றவர்களுக்கும் இவர்களுக்கும் இடையே ஐம்பது ஆண்டு அனுபவம் இருக்கிறது. மன்றம் நீண்ட நாள் வேலை செய்யவில்லை என்பது வேறு. ஆனால் இப்படி ஒன்றை எழுதி வைத்தவர்களுக்குக் கொழுப்பு மட்டும்தான் மனத்தில் இருந்தது என்று சொல்ல முடியாது.

சென்னைப் படை 1857இல் ஏன் எழவில்லை என்று அடிக்கடி கேட்கப்படுகிறது. முற்றாக அமைதியாக இருந்ததாகச் சொல்வது சரியல்ல. வடக்கே புறப்பட்ட 8ஆவது சென்னைக் குதிரைப்படை, பழைய சம்பள விதிகளைக் கேட்டு நடக்க மறுத்தது. ஆயுதம் பறித்துக் கலைத்தார்கள். ஆனாலும் பெருந்தீ இங்கே பற்றவில்லை. குடும்பத்தோடு பட்டாளத்தில் வாழும் வழக்கம், ஒரே ஊரிலிருந்தும் ஒரே சாதியிலிருந்தும் ஆள் எடுக்காத முறை, தன் ஊரை யாரும் புதிதாகப் பிடுங்காத நிலை என்று பல காரணங்கள் சொல்லலாம். இவற்றோடு நான் 1806ஐயும் சேர்ப்பேன். சென்னையில் அரசு ஒருமுறை சூடுபட்டிருந்தது. சிப்பாயின் நெற்றியையும் தலையையும் அது மறுபடி தொடவில்லை.

1857க்குப் பிறகு பாடம் படித்தது அரசுதான். வங்காளத்தில் இரண்டு இந்தியருக்கு ஒரு வெள்ளையர் என்ற விகிதம் வந்தது. பீரங்கிகள் பெரும்பாலும் வெள்ளையர் கைக்குப் போயின. ஒரு பட்டாளத்துக்குள் ஒருவரை ஒருவர் நம்பாத பிரிவுகளாக ஆள் சேர்த்தார்கள். பிறகு வந்தது போர்க்குணம் உள்ள இனங்கள் என்ற கொள்கை. 1880களில் சென்னைப் படையின் தலைமைத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ், தென்னாட்டுச் சிப்பாய் போருக்கு லாயக்கற்றவன் என்று முடிவு கட்டினார்; அதன்படி தமிழர், தெலுங்கர் பட்டாளங்கள் மெல்லக் குறைக்கப்பட்டன. கம்பெனிக்குத் தென்னிந்தியாவை வென்று கொடுத்தவர்களைப் பற்றித்தான் இந்தத் தீர்ப்பு.

மறுத்தவர்களும் மறக்கப்பட்டவர்களும்

1915 பிப்ரவரி 15, சீனப் புத்தாண்டு விடுமுறை. சிங்கப்பூரில் இருந்த 5ஆவது காலாட்படையின் ஒரு பகுதி எழுந்தது. முழுவதும் முஸ்லிம்களைக் கொண்ட படை. ஹாங்காங் போவதாகச் சொல்லித் துருக்கி சுல்தானின் படையோடு மோத அனுப்பப் போகிறார்கள் என்ற பேச்சு பரவியிருந்தது. ஆங்கில ஆட்சிக்கு எதிரான புரட்சியாளர்களின் கதர் கட்சிப் பிரச்சாரம் துறைமுகங்களில் ஓடிக்கொண்டிருந்தது. அதிகாரிகளுக்கு இடையே பகை, பதவி உயர்வில் மனக்கசப்பு, உணவுக் குறை என்று உள்விவகாரங்களும் இருந்தன. அடக்குவதற்கு பிரெஞ்சு, ரஷ்ய, ஜப்பானியக் கப்பல்களிலிருந்தும் மாலுமிகள் இறங்கினார்கள். பிறகு ஊட்ரம் சாலைச் சிறைச் சுவருக்கு முன்னால், ஆயிரக்கணக்கானவர்கள் வேடிக்கை பார்க்க, சிப்பாய்களை வரிசையாக நிறுத்திச் சுட்டார்கள். மொத்தம் 47 பேர்.

1930 ஏப்ரல் 23 அன்று பெஷாவரில் நடந்தது வேறு வகை. கிஸ்ஸா கவானி கடைத்தெருவில் ஆயுதம் இல்லாத பத்தான் கூட்டத்தின் மேல் சுடச் சொன்ன உத்தரவை, கார்வால் ரைபிள்ஸ் படையின் சந்திர சிங் கார்வாலியும் அவர் தோழர்களும் ஏற்கவில்லை. மலைநாட்டு இந்துச் சிப்பாய்கள், முஸ்லிம் மக்கள் மேல் சுட மறுத்தார்கள். ஆள் சேர்ப்பில் பிரித்து வைத்த கணக்கு இங்கே தவறியது. சந்திர சிங்குக்கு ஆயுள் தண்டனை. மற்றவர்களுக்கு நீண்ட சிறை. அகிம்சை இயக்கம் நாடெங்கும் நடந்த ஆண்டு அது. சுட மறுத்தவர்களைவிட அகிம்சைக்கு நெருக்கமானவர்கள் யார்? ஆனால் 1931 மார்ச்சில் காந்தி இர்வின் ஒப்பந்தத்தில் கைதிகள் விடுதலை பேசப்பட்டபோது, உத்தரவை மீறிய ராணுவத்தினரும் போலீசாரும் அதில் சேர்க்கப்படவில்லை. படைவீரன் தன் உறுதிமொழியை மீறக்கூடாது, நாளை நம் ஆட்சியிலும் அவன் அப்படியே செய்வான் என்ற கருத்தைக் காந்தி வெளிப்படையாகவே சொன்னார். அவருடைய கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் சந்திர சிங் சிறையில் கழித்த ஆண்டுகளை அந்தத் தர்க்கத்தால் ஈடு செய்ய முடியவில்லை.

1946: கடைசி முறை

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது நிலைமை மாறியிருந்தது. ஆங்கிலேயருக்கு எதிராகப் போரிட்ட இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தவர்களை டெல்லி செங்கோட்டையில் விசாரித்தார்கள். அந்தப் படையில் மலேயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து போன தமிழ்த் தொழிலாளர்கள் பெருந்தொகையாக இருந்தார்கள். 1945 நவம்பரில் தொடங்கிய விசாரணை, ஷா நவாஸ், சேகல், தில்லோன் என்ற முஸ்லிம், இந்து, சீக்கியர் மூவரையும் ஒரே கூண்டில் நிறுத்தியது. மக்கள் பொங்கியதைப் பார்த்து அரசு ஆயுள் தண்டனையைக் கைவிட்டது.

இந்தக் காற்று கடற்படைக்கும் அடித்தது. போர்க்காலத்தில் சேர்ந்த மாலுமிகள் எழுதப் படிக்கத் தெரிந்த இளைஞர்கள்; பல மாகாணங்களிலிருந்து வந்தவர்கள். பம்பாயில் தல்வார் என்ற தந்திப் பயிற்சி நிலையத்தில், பி. சி. தத் என்ற மாலுமி சுவர்களில் வெள்ளையனே வெளியேறு என்று எழுதிப் பிடிபட்டார். கமாண்டர் கிங் மாலுமிகளைத் தாயைப் பழித்தும் கூலி என்றும் வசைபாடினார். 1946 பிப்ரவரி 18 காலை, கல்லும் மண்ணும் கலந்த பருப்பையும் ரொட்டியையும் தள்ளிவிட்டு, சோறில்லையேல் வேலையில்லை என்றார்கள். இரண்டே நாளில் அது 78 கப்பல்கள், 20 கரை நிலையங்கள், சுமார் 20,000 மாலுமிகள் என்று பெருகியது. சென்னையில் அடையார் என்ற பெயர் தாங்கிய கடற்படை நிலையமும் அதில் சேர்ந்தது.

அவர்கள் எழுதிய கோரிக்கைப் பட்டியலைப் பார்த்தால் நூற்றைம்பது ஆண்டு வரலாறு ஒரே தாளில் தெரிகிறது. நல்ல சாப்பாடு வேண்டும். வெள்ளை மாலுமிக்கு இணையான சம்பளம் வேண்டும். கிங் மேல் நடவடிக்கை வேண்டும். இந்திய தேசிய ராணுவத்தினர் உள்ளிட்ட அரசியல் கைதிகளை விட வேண்டும். இந்தோனேசியாவில் விடுதலைக்குப் போராடும் மக்களை அடக்க அனுப்பிய இந்தியப் படைகளைத் திரும்ப அழைக்க வேண்டும். பருப்பும் இந்தோனேசியாவும் ஒரே தாளில். அவற்றில் எது உண்மைக் காரணம், எது சாக்கு என்று கேட்பவர்களுக்கு மாலுமியின் வாழ்க்கை தெரியாது. தன் தட்டில் கல்லைப் போடுகிறவனும் ஜாவாவில் சுடச் சொல்கிறவனும் ஒருவனே என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

எம். எஸ். கான் தலைவர், மதன் சிங் துணைத்தலைவர் என்று ஒரு வேலைநிறுத்தக் குழு அமைந்தது. கப்பல்களில் காங்கிரஸ், முஸ்லிம் லீக், கம்யூனிஸ்ட் கொடிகள் சேர்ந்து பறந்தன. அட்மிரல் காட்ஃப்ரே, கடற்படையே அழிந்தாலும் சரி, பணியவைப்போம் என்று வானொலியில் மிரட்டினார். கராச்சியில் ஹிந்துஸ்தான் கப்பலின் மேல் பீரங்கி பேசியது. கேட்வே ஆஃப் இந்தியாவில் பம்பாய் மக்கள் உணவுப் பொட்டலங்களோடு வந்து படகுகளில் கொடுத்தனுப்பினார்கள். 22ஆம் தேதி ஊரே கடையடைத்தது. தெருக்களில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 200க்கும் மேற்பட்ட பொதுமக்கள் செத்தார்கள்.

மாலுமிகள் தலைவர்களை எதிர்பார்த்தார்கள். அருணா ஆசப் அலியைப் போன்ற சிலர் தவிர யாரும் வரவில்லை. சரணடையுங்கள், பழிவாங்கல் இல்லாமல் பார்த்துக்கொள்கிறோம் என்றார் வல்லபாய் படேல். ஜின்னாவும் அதையே சொன்னார். நாளை நமக்கும் ராணுவம் வேண்டும், அதன் கட்டுப்பாட்டைக் குலைக்கக் கூடாது என்று படேல் கடிதத்தில் எழுதினார். வேலூரில் ஃபதே ஹைதர் வெளியே வராதது போலவே இங்கும் நடந்தது. பிப்ரவரி 23 காலை சரணடைவின் அடையாளமாகக் கறுப்புக்கொடி ஏறியது. வாக்குறுதி நிலைக்கவில்லை, கைது நடந்தது, நூற்றுக்கணக்கானவர்கள் வேலையிழந்து ரயில் ஏற்றி ஊருக்கு அனுப்பப்பட்டார்கள்.

இந்த எழுச்சிதான் ஆங்கிலேயரை விரட்டியது என்று சிலர் எழுதுகிறார்கள். ஆட்சி மாற்றம் பற்றிப் பேச அமைச்சரவைத் தூதுக்குழுவை அனுப்பும் செய்தி பிப்ரவரி 19இல் வெளியானதைச் சான்றாகக் காட்டுகிறார்கள். அந்த முடிவு எழுச்சிக்கு முன்பே எடுக்கப்பட்டுவிட்டது. ஒன்று மற்றொன்றைப் பிறப்பிக்கவில்லை. ஆனால் படையை இனி நம்ப முடியாது என்ற அச்சம் வைசிராய் வேவல், தளபதி ஆக்கின்லெக் இருவரின் எழுத்துகளிலும் செங்கோட்டை விசாரணைக் காலத்திலிருந்தே இருக்கிறது. அந்த அச்சத்தைக் கடற்படை உறுதி செய்தது. அந்த அளவுக்குச் சொன்னாலே போதும். அதுவே சிறிய காரியம் அல்ல.

நினைவில் யார் நின்றார்கள் என்பதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. 1857இல் அலகாபாத்திலும் கான்பூரிலும் மக்களைக் கொன்று குவித்த ஜேம்ஸ் நீல், சென்னை ஃபியூசிலியர்ஸ் என்ற வெள்ளைப் படையின் அதிகாரி. அவருக்குச் சென்னை மவுண்ட் ரோட்டில் சிலை நின்றது. அதை எடுக்கச் சொல்லி 1927இல் சத்தியாக்கிரகம் நடந்தது. ராஜாஜி முதலமைச்சரான 1937இல்தான் அது அருங்காட்சியகத்துக்குப் போனது. வேலூர்ச் சிப்பாய்களுக்கு மக்கான் பகுதியில் நினைவுத் தூண் இருக்கிறது. ஒவ்வொரு ஜூலை 10ஆம் தேதியும் மலர்வளையம் வைக்கிறார்கள். இருநூறாவது ஆண்டான 2006இல் அஞ்சல்தலை வந்தது. பம்பாய் மாலுமிகள் தங்களை விடுதலைப் போராட்ட வீரர்கள் என்று அரசு ஏற்பதற்கே ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள்.

பாரக்பூரில் பிந்தா திவாரி தொங்கவிடப்பட்ட இடத்துக்கு அருகே ஒரு சிறிய கோயில் எழுந்திருக்கிறது. பிந்தா பாபா என்று அவரைக் கும்பிடுகிறார்கள். எருது கேட்டுச் செத்த சிப்பாய்க்கு அங்கே விளக்கு எரிகிறது.